மெக்பெத்: ‘ஷி ஷுட் ஹேவ் டைட் ஹியராஃப்டர்’ வரியில் சறுக்கும் இடங்கள்

ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகம், ஐந்தாம் அங்கம், ஐந்தாம் காட்சி. உள்ளே பெண்களின் அலறல். “அரசி இறந்துவிட்டார், பிரபு” என்று மெக்பெத்தின் மனைவி இறந்ததைச் சொல்கிறான் அவனுடைய பணியாள் சேட்டன். அதற்கு மெக்பெத் சொல்லும் முதல் பதில்தான் இந்த வரி: ‘She should have died hereafter’.

பலர் சறுக்குவது ‘ஷுட்’டில் (should). இன்றைய ஆங்கிலப் பழக்கத்தில் அதை ‘வேண்டும்’ என்று எடுத்தால், ‘இப்போது போகாமல் பிறகு போயிருக்கக் கூடாதா’ என்ற ஆதங்கம் கிடைக்கும். ஆனால் ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘ஷுட்’ என்பது ‘வுட்’ (would) என்ற பொருளிலும் வழங்கியது. அப்படிப் படித்தால், ‘என்றைக்கிருந்தாலும் சாகப்போகிறவள்தானே’ என்ற விரக்தி. இரண்டுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பிழை என்று ஒதுக்குவதுதான் பிழை.

தமிழாக்குபவருக்கு இங்கே தனியாக ஒரு பள்ளம் உண்டு. ‘பின்னாளில் இறந்திருக்க வேண்டும்’ என்று எழுதினால் அது ஊகமாக ஒலிக்கும். விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து ‘தூங்கியிருக்க வேண்டும்’ என்போமே, அந்தத் தொனி. இப்போதுதான் சாவைக் காதால் கேட்டவன் எதை ஊகிப்பான்? ‘பின்னாளில் இறந்திருக்கலாம் அவள்’ என்பது மூலத்துக்கு இன்னும் நெருக்கம். கடைசியில் ஒரு ‘ஏ’ சேர்த்தால் ஆதங்கத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

வரியை மட்டும் பிய்த்தெடுத்துப் பொருள் சொல்லவும் கூடாது. அடுத்த வரி, ‘அப்படியொரு சேதிக்கு அப்போது நேரம் இருந்திருக்கும்’ என்கிறது. மூலத்தில் உள்ள ‘வேர்ட்’ (word) இங்கே வெறும் சொல் அல்ல, சாவுச் சேதி. இது ஆதங்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. அதற்கும் அடுத்து, நாள்கள் வெறுமனே ஊர்ந்து போவதைச் சொல்ல வரும் ‘நாளை, நாளை, நாளை’யோ விரக்திக்கு இழுக்கிறது. மூன்று வரியையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

மனைவி இறந்தும் கலங்காதவன், கல்நெஞ்சன் என்று தீர்ப்பெழுதுவோர் ஆங்கில அசையை (syllable) எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த நாடகத்தில் ஒரு வரிக்குப் பொதுவாகப் பத்து அசை, இதில் ஏழுதான். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பான 1623 ஃபோலியோ பதிப்பிலும் இது தனி வரியாகக் குட்டையாகவே நிற்கிறது. விடுபட்ட இடத்தை மௌனமாக்கி நடிக்கலாம். அந்த மௌனத்தில் என்ன இருக்கிறது என்பது நடிகர் கையில்.

அதிகம் கவனிக்கப்படாதது ‘ஹியராஃப்டர்’ (hereafter). முதல் அங்கத்தில் சூனியக்காரி ‘பின்னாளில் அரசனாவாய்’ என்று வாழ்த்துவது இதே சொல்லால். ஊர் திரும்பும் கணவனை மேடையில் முதன்முதலாக வரவேற்கும்போது அரசியின் வாயில் வருவதும் இதுவே. ஆகவே அங்கே ‘பின்னாளில்’ என்று போட்டவர் இங்கே ‘பிறகு’ என்று மாற்றினால், அவள் வரவேற்ற சொல்லாலேயே அவன் அவளை வழியனுப்புவது தமிழில் காணாமல் போகும்.