புரோபயாடிக்: உயிரோடு போனால்தான் பலன்

தேக்கா சந்தைக்குப் போகும் வழியில் புரோபயாடிக் மாத்திரை ஒரு டப்பா வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம். "குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும்" என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. மீன், கீரை, ஒரு காப்பி, பிறகு பஸ் என்று வீடு திரும்ப மதியமாகிவிடுகிறது. சிங்கப்பூர் வெயிலில் அத்தனை நேரம் கிடந்த டப்பாவில் எவ்வளவு பிழைத்திருக்கும்?

போதிய அளவில் உட்கொண்டால் நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள்தாம் புரோபயாடிக். 2001இல் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு தந்த விளக்கம் இது. இதில் உள்ள "உயிருள்ள" என்ற சொல்லைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

இட்லி மாவைப் பொங்க வைப்பவை நுண்ணுயிர்கள். ஆவியில் வெந்த பிறகு அவை உயிரோடு இருப்பதில்லை. இட்லி அருமையான உணவு, ஆனால் புரோபயாடிக் அல்ல. கொதித்த மோர்க்குழம்பும் அப்படித்தான். என் அம்மா தயிர்சாதத்துக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு அடங்கிய பிறகே தயிரை ஊற்றுவார். தயிர் திரிந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். தயிரில் உள்ள நல்ல கிருமிகளுக்கும் அந்தப் பொறுமை நல்லதாகவே அமைந்தது.

அடுத்த தவறு, எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது. குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு ஆராயப்பட்ட நுண்ணுயிர் ரகம் பெரியவரின் மலச்சிக்கலுக்கு உதவ வேண்டும் என்பதில்லை. 500 கோடியைவிட 5,000 கோடி கிருமிகள் உள்ள டப்பா சிறந்தது என்பதும் இல்லை. சிங்கப்பூரில் இத்தகைய துணை உணவுகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை. ஆகவே ரகத்தின் முழுப்பெயரையும் காலாவதித் தேதியையும் நாமே பார்த்து வாங்க வேண்டும். தயிர்ப் பானம் என்றால், பானங்களைத் தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்தையும் பாருங்கள். "டி" என்றால் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை, அல்லது நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம்.

ஆன்டிபயாட்டிக்கையும் புரோபயாடிக்கையும் ஒரே மடக்கில் விழுங்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீமோதெரபி எடுப்பவர்களும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் புரோபயாடிக்கைத் தொடவே கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலில் இந்த நல்ல கிருமியே ரத்தத்தில் தொற்றை உண்டாக்கிவிடக்கூடும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. என் சிற்றப்பா மலத்தில் ரத்தம் கண்டும், "வயிற்றுச் சூடு" என்று நான்கு மாதம் மோரும் மாத்திரையுமாகவே ஓட்டினார். குடலில் கட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, வாரக்கணக்கில் மாறிப்போன மலப் பழக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தொந்தரவே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாதிரியை வீட்டிலேயே எடுக்கலாம், சில நிமிடங்கள் போதும்.