பழைய அலுமினியப் படகுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காவேரிப்பாக்கம் பக்கம் ஏரித் தண்ணீர் வற்றும் கத்திரி வெயில் காலத்தில், படகு கரையில் சும்மாதானே கிடக்கிறது, பெயின்ட் அடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். 40 டிகிரி வெயிலில் கிடக்கும் அலுமினியத் தகட்டில் கையே வைக்க முடியாது. பிரஷ் இழுத்த இடத்திலேயே தின்னர் பறந்துவிடும். பெயின்ட் பரவாமல் வரிவரியாக நிற்கும், உள்ளே கொப்புளம் தங்கும். மாசி, பங்குனிதான் தோது. காலைப் பனியின் ஈரம் தகட்டில் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகு, நிழலில் வைத்து அடியுங்கள்.

அடித்த பெயின்ட் பாளம்பாளமாக உரிந்தால் பெயின்ட் கம்பெனியைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் கோளாறு, தேய்த்ததற்கும் பிரைமர் அடித்ததற்கும் இடையில் விட்ட நேரத்தில் இருக்கும். தேய்த்த அலுமினியத்தில் காற்றுப் பட்டதுமே ஆக்சைடு படலம் உருவாகத் தொடங்கிவிடும். கூடவே ஈரமும் தூசியும் சேரும். இன்று தேய்த்து நாளை பிரைமர் என்று தள்ளினால் பிடிப்பு குறையும். தேய்த்த சில மணி நேரத்துக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும். ஒரே நாளில் முழுப் படகும் முடியாது என்றால், ஒரு பக்கத்தைத் தேய்த்து அதற்குப் பிரைமர் அடித்து முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். முதலில் உப்புத்தாளை எடுத்தால், பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு எதைப் போட்டாலும் முழுதாக வராது. சோப்புத் தண்ணீரில் கழுவி, தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, அதன்பின் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் சரி. முத்துமுத்தாகத் திரண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது.

பெயின்ட் போன இடத்துக்கு 80, பிறகு 120 எண் தாள். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டுவது வீண் வேலை. 220 எண்ணால் பளபளப்பை எடுத்தால் போதும். ஆனால் அதன்மேல் எபாக்ஸி (ஹார்டனர் என்ற இறுக்கியைக் கலந்து அடிக்கும் பூச்சு) போகுமா என்று சோதிக்க வேண்டும். புதுப் பெயின்டுக்கான தின்னரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டு எடுங்கள். பழையது சுருங்கினாலோ இளகினாலோ அதைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது.

இரும்புக் கம்பி பிரஷைத் தொடவே வேண்டாம். உதிரும் இரும்புத் துகள் தகட்டில் புதைந்து, ஈரம் பட்டதும் அங்கே துருக்கறை வரும், அலுமினியமும் குழி விழும். காஸ்டிக் சோடா கலந்த பெயின்ட் நீக்கியோ தகட்டையே தின்றுவிடும்.

கடைக்காரர் ரெட் ஆக்சைடு கொடுத்தால் வாங்காதீர்கள். அது இரும்புக் கேட்டுக்கானது. அலுமினியத்துக்கு ஏற்ற, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர் அல்லது எட்ச் பிரைமர் கேளுங்கள். அமிலமுள்ள எட்ச் பிரைமரின் மேல் சில எபாக்ஸி ஒட்டாது. டப்பாவில் அனுமதி இருந்தால் மட்டுமே ஒன்றின் மேல் ஒன்று. மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமர் பழைய நாளில் பேர்போனது. அதில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று பார்த்த ஊர்க்காரர்கள், ஏரிக்கரையில் அதைத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

ரிவெட் கசிவைப் பெயின்ட் அடைக்கும் என்று நம்பாதீர்கள். தேய்க்குமுன் படகைக் கட்டைகள் மேல் நன்றாகத் தாங்கி வைத்து, உள்ளே நாலு விரல் தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டும் ஒவ்வொரு ரிவெட்டையும் சுற்றி வட்டம் போடுங்கள். தளர்ந்ததை இறுக்கி அடித்த பிறகு எபாக்ஸி பூசலாம். சிலிக்கான் தடவினால் அதன்மேல் எந்தப் பெயின்டும் நிற்காது. கார் பட்டறைப் பட்டியும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஈரம் குடித்து உப்பிவிடும்.

12 அடிப் படகின் வெளிப்புறம் சுமார் 8 சதுர மீட்டர். பிரைமர் இரண்டு லிட்டர், மேலே பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் இரண்டு லிட்டர் என்றால் இரண்டிரண்டு கோட்டிங் வரும். எபாக்ஸியை மட்டும் அடித்து விட்டால் வெயிலில் சுண்ணாம்பு போல் வெளுக்கும். ஹார்டனரைக் கண்ணளவாக ஊற்றாமல் அளந்து கலக்குங்கள். நம் ஊர்ச் சூட்டில் கலவை சீக்கிரம் இறுகும், அரை லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். பியூ ஸ்ப்ரே செய்ய சாதாரணத் துணி மாஸ்க் போதவே போதாது. செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட் அலுமினியத்தை அரிக்கும். கரையேற்றி வைக்கும் ஏரிப் படகுக்கு அது தேவையும் இல்லை.

கையில் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே தண்ணீரில் இறக்காதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். அதுவரை ஈரச் சாக்கு எதையும் படகின் மேல் போட்டு வைக்கக் கூடாது.