வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டுவதற்கு முன்: கட்டடக்கலைஞரோடு வீட்டைத் திட்டமிடும் முறை

திருநெல்வேலிப் பகுதியில் வீடு கட்ட நினைப்பவர்கள் பலர் முதலில் தேடிப் போவது தெரிந்த கொத்தனாரையோ, சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் கண்டிராக்டரையோதான். கட்டடக்கலைஞரிடம் போகிறவர்களும் முகப்பு அழகாக அமைய வேண்டும் என்பதற்காகவே போகிறார்கள். முகப்பு அவருடைய பணியில் சிறு பகுதி. வெயில், காற்று, மழை, மண், குடும்பத்தின் பழக்கவழக்கம் ஆகியவற்றை ஒரே வரைபடத்துக்குள் இணங்க வைப்பதுதான் அவருக்கு நாம் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை. அதற்கு வேண்டிய விவரங்கள் நம் பக்கத்திலிருந்து முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும்.

1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டத்தின்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, அவர் வடிவமைத்து, ஆட்கள் குடியேறிச் சில ஆண்டுகள் கழிந்த வீடு ஒன்றைச் சித்திரை மாதப் பிற்பகலில் போய்ப் பார்ப்பது. புது வீட்டின் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் மின்னும். குடியிருப்பவரிடம் மாடி அறையில் மதியம் படுக்க முடிகிறதா, கார்த்திகை அடைமழையில் எந்தச் சன்னல் வழியாகச் சாரல் வருகிறது, வேலை நடந்தபோது கட்டடக்கலைஞர் நேரில் வந்தாரா என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

முதல் சந்திப்புக்குப் பட்டா, நில அளவைத் துறையின் புலப்படம், மனைப்பிரிவு அங்கீகார ஆணை, முன்னால் உள்ள சாலையின் அகலம் ஆகியவற்றோடு செல்ல வேண்டும். மனை எத்தனை சென்ட் என்று சொன்னால் மட்டும் போதாது; ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி என்றாலும், அதன் நீள அகலமும் திசையும் தெரியாமல் எதையும் வரைய முடியாது.

மண்ணைப் பற்றியும் அப்போதே பேசிவிட வேண்டும். மானூர், கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இயல்புடையது. அங்கே வழக்கமான ஆழத்தில் கல் கட்டி எழுப்பிய சுவர்கள் விரிசல் விடுவது வாடிக்கை. திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்கு வேறு அடித்தளம் வேண்டும். வயலை மேடாக்கிப் பிரித்த மனையானால் நிரப்பிய மண் எத்தனை அடி என்பதே முதல் கேள்வி. மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் அடித்தளத்தை முடிவு செய்ய எவரையும் அனுமதிக்கக் கூடாது. தாமிரபரணிக்கோ குளத்துக்கோ வாய்க்காலுக்கோ அருகில் மனை இருந்தால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, சுவரில் தெரியும் தடத்தை அளந்து கொடுப்பது நல்லது. பேஸ்மட்டத்தின் உயரத்தை இன்றைய சாலை மட்டத்தை வைத்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது. சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்ந்துகொண்டே போகிறது.

அடுத்தது, குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதை எழுதிக் கொடுப்பது. பெரும்பாலானோர் இந்த இடத்தில் ‘மூன்று படுக்கையறை, ஒரு ஹால், ஒரு மாடுலர் கிச்சன்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, கைப்பேசியில் சேமித்த படங்களை நீட்டுகிறார்கள். வெளிநாட்டு வீட்டின் கண்ணாடிச் சுவரைக் காட்டுவதைவிட, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வரும் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் நம் வீட்டில் பாய் விரித்துப் படுப்பார்கள் என்பதைச் சொல்வது கட்டடக்கலைஞருக்கு அதிகம் பயன்படும். அம்மாவோ அப்பாவோ முழங்கால் வலியோடு இருந்தால், அவர்கள் அறை கீழ்த்தளத்தில், படியோ தடுக்கலோ இல்லாத குளியலறையோடு, வழுக்காத தரையோடு அமைய வேண்டும். மீன் கழுவவும் வற்றல் காய வைக்கவும் பெரிய பாத்திரங்களைத் துலக்கவும் இடம் வேண்டும் என்றால் அதையும் எழுத வேண்டும். பளபளக்கும் சமையலறையைக் கட்டிய பிறகு புறவாசலில் தகரக் கொட்டகை போட்டு இன்னொரு அடுப்பு வைத்த வீடுகள் நம் ஊரில் ஏராளம். நல்லது கெட்டது நடந்தால் கூட்டம் எங்கே உட்காரும் என்று யோசிப்பதும் அமங்கலம் ஆகாது. அப்போது வாசல் அகலம் போதாமல் தவிப்பதுதான் பெரிய சங்கடம். அடுப்படியில் அதிக நேரம் நிற்பவர் யாரோ அவர் இந்தச் சந்திப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் போய் அடுக்களையின் அளவை முடிவு செய்துவிட்டு வருவது நியாயமில்லை. வாஸ்து, மனையடி பார்ப்பவர்களானால் முதல் நாளிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. திட்டம் முடிந்த பின் சோதிடரிடம் காட்டி அறைகளை இடம் மாற்றினால் காற்றோட்டம், குழாய், தூண் என்று அனைத்தும் குலையும்.

கட்டடக்கலைஞரின் திறமை உண்மையாகச் சோதிக்கப்படுவது வெயிலிலும் காற்றிலும்தான். திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்து செல்கிறது. ஆகவே, வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று எண்ணி அங்கே பெரிய கண்ணாடி வைக்கும் வடநாட்டு வழக்கம் இங்கே முழுமையாகப் பொருந்தாது. வெப்பம் மிகுதியாக இறங்குவது மேல்தளத்தின் வழியே. அடுத்தது மாலை வெயில் தாழ வந்து அறையும் மேற்குச் சுவர். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழையும் காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். வெயிலைத் தடுக்க மேற்கை அடைத்தால் காற்று போய்விடும். காற்றுக்காகத் திறந்தால் வெயிலும் புழுதியும் உள்ளே வரும். இந்த முரணை அவர் எப்படித் தீர்க்கிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். மேற்கில் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை அடுக்கி இடையிடையே காற்றுத் துளைச் சுவர் வைப்பது, தாழ்வாரம் இறக்கி நிழலில் சன்னல் வைப்பது, எதிர்ப்பக்கம் காற்று வெளியேறப் போதிய திறப்பு விடுவது என வழிகள் பல உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால், கிழக்கு, வடக்குச் சன்னல்களுக்கு இரண்டடிக்குக் குறையாத சன்ஷேடு வேண்டும் என்பது என் கருத்து. முகப்பு தட்டையாக, நவீனமாகத் தெரிய வேண்டும் என்று சன்ஷேடையே எடுத்துவிடும் இப்போதைய பாணி இந்த ஊருக்கு ஒத்துவராது.

மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிச் சுவர்க்கட்டு முறையும் கேட்டுப் பார்க்கத்தக்கது. செங்கல்லை விளிம்பில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் இம்முறையில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது; வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கிறது. பழக்கமில்லாத கொத்தனார் என்றால் முதலில் சிறு மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டச் சொல்ல வேண்டும். பழைய நெல்லை வீட்டின் தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), இரண்டாங்கட்டு (உள்கட்டு), அடுக்களை, புறவாசல் என்ற நேர்வரிசையும் வெறும் பழம்பெருமை அன்று. முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை காற்று தடையின்றிப் போகும் வழி அது. புதிய திட்டத்தில் பெயர்கள் மாறினாலும் அந்த வழி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கட்டணம் கட்டுமானச் செலவில் சதவீதமாகவோ சதுர அடிக் கணக்கிலோ இருக்கும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால் அதன்மேல் 18 சதவீத வரி சேரும். சதவீதம் என்றால் செலவுக்கு உச்சவரம்பு ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை வரைபடங்கள், எத்தனை திருத்தங்கள், எந்தெந்தக் கட்டங்களில் நேரடிப் பார்வை, கட்டமைப்புப் பொறியாளரின் கட்டணம் இதில் அடங்குமா என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும். அனுமதிக்கான வரைபடமும் வேலைக்கான வரைபடமும் வேறு வேறு. முன்னதை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினால், சுவிட்சு போர்டு எங்கே, குழாய் எந்தச் சுவரில் என்பதையெல்லாம் சாரத்தில் நிற்பவர் தீர்மானிப்பார்.

முதல் வரைபடம் வந்ததும் கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை ஆகியவற்றைச் சரியான அளவில் அதில் வரைந்து தரச் சொல்லுங்கள். பிறகு மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளைக் கோடிட்டு, குடும்பத்தோடு அவற்றுக்குள் நடந்து பாருங்கள். காலி மனையில் கோடு போட்டால் அறை சிறிதாகத் தோன்றுவது இயல்பு என்பதால், இப்போது குடியிருக்கும் வீட்டின் அறைகளை நாடாவால் அளந்து அந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

அனுமதி விஷயத்தை 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஆள்கின்றன. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. விதி மீறினால் பொறுப்பு உரிமையாளருடையது என்பதை மறக்கக் கூடாது. மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். 1,000 சதுர அடி மேல்தளத்தில் 10 செ.மீ. மழை விழுந்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் என்பதால், அதைக் கடமைக்கு ஒரு குழியாக இல்லாமல் தொட்டியாகவே வடிவமைக்கச் சொல்லலாம்.

வேலை தொடங்கிய பின் வருகிற ஆலோசனைகளுக்குக் குறைவிராது. மாமா ஒரு சன்னலை நகர்த்தச் சொல்வார், மேஸ்திரி ஒரு தூணை எடுத்துவிடலாம் என்பார். எந்த மாற்றமும் கட்டடக்கலைஞர் திருத்திய வரைபடமாக வந்த பிறகே சுவரில் ஏற வேண்டும்; தூண், பீம் தொடர்பானவை கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தோடு வர வேண்டும். அடித்தளக் கம்பி கட்டியதும், நிலை வைக்கும் முன்பும், மேல்தளத்துக்குக் காங்கிரீட் போடும் முந்தைய நாளும் கட்டடக்கலைஞர் நேரில் வந்து பார்ப்பது அவசியம். பூச்சு வேலைக்கு முன் சுவர்களில் ஓடும் மின்குழாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பால் காய்ச்சுவதற்குள் கட்டி முடித்த நிலைக்கான திருத்திய வரைபடத்தையும் அவரிடமிருந்து வாங்கிவிட வேண்டும்.