தன்னார்வலர்களிடம் ஒரு முடிவை எப்படிச் சொல்வது?

ஊட்டிப் பக்கம் சோலைக்காடு (மலைப் பள்ளத்தாக்குகளில் வளரும் பசுமைமாறாக் காடு) மீட்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தை நீங்கள் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் வைத்திருந்த நடவை ஜூனுக்குத் தள்ளிப்போட நிர்வாகக் குழு முடிவெடுத்துவிட்டது. சரி, இதை எப்படிச் சொல்வது?

முதலில் முடிவை ஒரே வரியில் எழுதுங்கள். "டிசம்பர் நடவு இல்லை, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஜூனில் நடுகிறோம்." அவ்வளவுதான். "சில மாற்றங்கள் பரிசீலனையில் உள்ளன" என்று எழுதினால் பாதிப் பேர் டிசம்பரில் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள்.

அடுத்தது காரணம். நிதானமாக எழுத வேண்டிய இடம் இதுதான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்; வெட்டவெளியில் நட்ட இளங்கன்று கருகிப்போகும். பெரிய மரங்களின் நிழலில் முளைத்து வளரும் சோலைக் கன்றுகள் அதைத் தாங்காது. கூடவே, வேறு என்ன யோசித்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்: "கன்றுகளைப் புல்லால் மூடலாமா என்று பேசினோம். தினமும் சரிவு முழுக்க ஏறி மூடித் திறக்க ஆள் இல்லை." நாம் நினைத்ததை இவர்களும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தாலே பலருக்கு மனம் ஆறிவிடும்.

மூன்றாவது, யாருக்கு வேலை கூடுகிறதோ அவர்களிடம் முதலில் நேரில் சொல்லுங்கள். நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளும் அக்காக்கள் இன்னும் ஆறு மாதம் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேர் பையைத் தாண்டினால் பெரிய பைக்கு மாற்ற வேண்டும். அவர்கள் இதை ஊரோடு சேர்ந்து வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்வது கொஞ்சமும் நியாயமில்லை. போய் உட்கார்ந்து, என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள்.

அப்புறம் எல்லோருக்கும். எழுத்தாகவும் குரல் பதிவாகவும் அனுப்புங்கள். படுகர் ஊர்க்காரர்கள் இருந்தால் அவர்களில் ஒருவரையே அவர்கள் மொழியான படுகில் பேசச் சொல்லுங்கள். சிக்னல் எட்டாத ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன்களுக்கும் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) டீக்கடைச் சுவரில் ஒரு தாள். கொழுந்து பறிக்கப் போனவர்கள் மாலையில்தான் பார்ப்பார்கள். அன்றைக்கே பதில் கேட்காதீர்கள்.

கடைசியாக, எதில் கருத்துச் சொல்லலாம் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். நடவு மாதம் முடிந்த விஷயம். எந்தச் சரிவில் முதலில் நடுவது, டிசம்பர் ஞாயிறுகளில் காட்டுக்குள் பரவும் சீகை (வாட்டில் என்ற அயல்நாட்டு மரம்) நாற்றுகளைப் பிடுங்கலாமா என்பதெல்லாம் அவர்கள் சொல்ல வேண்டியவை. முடிந்ததைப் பற்றிக் கருத்துக் கேட்பதுபோல் நடிக்கவே கூடாது. கேள்விகளுக்கு ஒரு ஆளையும் ஒரு தேதியையும் குறிப்பிடுங்கள். தனியாகக் கேட்டவருக்குச் சொன்ன பதிலையும், கேட்டவர் பெயரை விட்டுவிட்டு, எல்லோருக்கும் போடுங்கள்.