கைக்கோடாலியால் விறகு பிளப்பது: வீசாமல் செய்யும் முறை

பொங்கலுக்கு வாசலில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு கூட்டினால், விறகுத் தொட்டியில் வாங்கிய சவுக்குக் கட்டை அப்படியே பற்றாது. முதல் தீக்குக் கட்டைவிரல் தடிமனில் சிராய் வேண்டும். அதற்குக் கைக்கோடாலி போதும். ஆனால் சின்னக் கருவிதானே என்று அலட்சியமாக எடுக்கக் கூடாது. நீளக் காம்புக் கோடாலி குறி தவறினால் பெரும்பாலும் தரையில் இறங்கும். கைக்கோடாலியின் காம்பு ஓரடி, மிஞ்சினால் ஒன்றேகால் அடி. நின்றுகொண்டு ஓங்கி வீசினால், குறி தவறிய வெட்டு நேராக முழங்காலுக்கோ அதன் கீழுள்ள எலும்புக்கோ வரும். அதனால் நிற்க வேண்டாம், வீசவும் வேண்டாம். இரண்டும் இல்லாமலே விறகு நன்றாகப் பிளக்கும்.

கோடாலியைச் சோதியுங்கள்

இரும்புத் தலை 600 முதல் 700 கிராம் இருந்தால் புதிதாகப் பழகுகிறவருக்குச் சரியாக இருக்கும். காம்பில் கணு இருக்கக் கூடாது. மரத்தின் ரேகைகள் காம்பின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அந்த இடத்தில்தான் ஒடியும்.

ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் காம்பைப் பிடித்துத் தலையை ஆட்டிப் பாருங்கள். மொட்டை மாடி வெயிலில் கிடந்த கோடாலியில் காம்பு சுருங்கித் தலை தளர்ந்திருக்கும். பலரும் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவார்கள். இது தவறான வைத்தியம். ஊறிய மரம் இரும்புக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். தச்சரிடம் கொடுத்துப் புதிதாக ஆப்பு அடித்து வாங்குங்கள். அதுவரை அந்தக் கோடாலியைத் தொடாதீர்கள்.

மழுங்கிய வாய் மரத்தில் இறங்காமல் சறுக்கிப் பக்கவாட்டில் போகும். தட்டை அரத்தால் இரண்டு பக்கமும் சமமாக ராவினால் போதும். சவரக் கத்தி போல மெல்லிசாக்க வேண்டாம். சவுக்கு மாதிரி கெட்டி மரத்தில் அந்த முனை உடைந்துவிடும். சாணைக்காரரிடம் கொடுத்தால், அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டச் சொல்லுங்கள். சூடேறி முனை நீலம் பாரித்தால் இரும்பின் உறுதி போய்விடும்.

இடமும் அடிக்கட்டையும்

மண்தரைதான் நல்லது. மொட்டை மாடியில் செய்தால் தரை ஓடு விரிசல் விடும், விறகை வைத்துப் பிளக்கும் அடிக்கட்டையும் வழுக்கும். சுற்றிலும் பத்தடிக்குள் யாரும் இருக்கக் கூடாது. குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். அவர்களை வீட்டுக்குள் அனுப்பிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தலைக்கு மேலே துணிக்கொடி இருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

அடிக்கட்டை ஓரடி உயரமும் ஓரடி அகலமும் இருக்கட்டும். புளியங்கட்டை கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். அதன் நார்கள் பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது; கறிக்கடைகளில் அதை வைத்திருப்பதும் அதனால்தான். கட்டை ஆடினால் அடியில் மண்ணை அணைத்துச் சரிசெய்யுங்கள்.

ரப்பர் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். கண்ணுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. தொங்கும் துப்பட்டா, முந்தானை, மடித்துக் கட்டிய லுங்கி எதுவும் ஆகாது. விறகைப் பிடிக்கும் கைக்குத் தடித்த கையுறை நல்லது. கோடாலி பிடிக்கும் கையில் வழுக்குகிற துணிக் கையுறையை மாட்டுவதைவிட வெறுங்கையே மேல். சென்னைப் புழுக்கத்தில் உள்ளங்கை சீக்கிரம் வியர்க்கும். பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொண்டு அடிக்கடி துடையுங்கள். காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடிப்பது உத்தமம்.

எந்த மரம்

சவுக்கு நேரான நார் உள்ளது, பழகுவதற்கு ஏற்றது. நன்றாகக் காய்ந்துவிட்டால் மட்டும் கெட்டிப்படும். குல்மோகர் மென்மையாகப் பிளக்கும். வேம்பில் நார் முறுக்கிக்கொண்டிருக்கும், பொறுமை வேண்டும். தென்னந்துண்டு பிளக்காது, நார் நாராகப் பிய்யும். அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். சீமைக்கருவேலம் நன்றாக எரியும், ஆனால் முள்ளை முழுக்கக் கழித்த பிறகே கையில் எடுக்கலாம்.

2016 டிசம்பரில் வந்த வர்தா மாதிரி புயல்களுக்குப் பிறகு தெருவோர மரத்துண்டுகள் நிறையக் கிடைக்கும். அவற்றில் விளம்பரப் பலகையும் 'டு லெட்' அட்டையும் அடித்த ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும். பட்டையை உரித்துப் பாருங்கள். கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டை ஒதுக்குங்கள். அரளியைப் பிளக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். அதன் புகையே நஞ்சு.

எதுவானாலும் முதலில் ரம்பத்தால் ஓரடி நீளத்துக்கு, முனை சமமாக இருக்கும்படி அறுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு மேல் தடித்த கட்டை கைக்கோடாலிக்கு உரியதல்ல.

பிளக்கும் முறை

1. அடிக்கட்டைக்குப் பின்னால் இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்காருங்கள். உங்களுக்கும் விறகுக்கும் நடுவே அடிக்கட்டையின் பாதியாவது இருக்க வேண்டும். விறகு எப்போதும் அடிக்கட்டையின் தூர ஓரத்தில்தான். குறி தவறினாலும் வெட்டு கட்டையிலேயே இறங்கும்.

2. விறகின் இரண்டு முனையையும் பாருங்கள். காய்ந்த வெடிப்பு இருந்தால் அதுதான் உங்கள் கோடு. கணு இருந்தால், அது இல்லாத முனையிலிருந்து தொடங்குங்கள்.

3. மெல்லிய விறகுக்கு: இடது கையால் அருகிலுள்ள முனையைப் பிடியுங்கள். கோடாலி வாயை எதிர் முனையின் மேல் நார்வாக்கில் பதியுங்கள்; காம்பும் விறகும் அடுத்தடுத்து ஒரே திசையில் கிடக்கும். இரண்டையும் ஒட்டியபடியே அரையடி தூக்கி அடிக்கட்டையில் தட்டுங்கள். வாய் உள்ளே இறங்கியதும் கோடாலியை லேசாக முறுக்குங்கள். விறகு இரண்டாகப் பிரியும். வாய் காற்றில் தனியாக வருவதே இல்லை; இந்த முறையின் பலம் அதுதான்.

4. அதைவிடத் தடித்ததற்கு: விறகைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இடது கையால் கோடாலிக் காம்பைப் பிடித்து வாயை விறகின் தலையில் வையுங்கள். வலது கையால் ஒரு மரச்சுத்தியோ உருண்டைக் கட்டையோ எடுத்துக் கோடாலியின் முதுகில் தட்டுங்கள். விறகைக் கை தொடவே கூடாது. இரும்புச் சுத்தியால் தட்டினால் இரும்புத் துணுக்கு தெறித்துக் கண்ணில் ஏறும்.

5. விறகு தானாக நிற்கவில்லை என்றால், விரலால் பிடிக்காமல் இன்னொரு குச்சியால் பக்கவாட்டில் அண்டக்கொடுத்து நிறுத்துங்கள். இதற்கு வேறொருவரைப் பிடிக்கச் சொல்வது மிகவும் ஆபத்து.

வாய் சிக்கிக்கொண்டால் காம்பை இடமும் வலமுமாக அசைக்காதீர்கள். காம்பு தலையருகே ஒடியும். காம்பின் நுனியை மேலும் கீழுமாக அழுத்தினால் கழன்றுவிடும். நாலைந்து தட்டுக்கும் அசையாத விறகு கணு விறகு. அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். கோபத்தில் ஓங்கி அடிக்கும் அடிதான் காலில் விழும்.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்தி, கை அல்லது காலை உயர்த்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் மேலேயே இன்னொன்று வையுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதையும் போடாதீர்கள். ரத்தம் பீறிட்டாலோ விரல் அசையவில்லை என்றாலோ 108. சின்ன வெட்டானாலும் டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

வேலை முடிந்ததும்

கோடாலியைக் கைக்குக் கை கொடுக்காதீர்கள். கீழே வையுங்கள், மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும். நடக்கும்போது காம்பை இரும்புத் தலைக்குக் கீழே பிடித்து, வாய் கீழ்நோக்கியும் உடம்புக்கு வெளிப்புறமாகவும் இருக்கும்படி தொங்கவிடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். துடைத்து ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து வாயில் சுற்றிக் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாத நிழலான இடத்தில் வையுங்கள்.