மேக்னா கார்ட்டாவில் மக்களாட்சியைத் தேடாதீர்கள்

தேர்வு விடைத்தாளோ மேடைப் பேச்சோ, "1215இல் மேக்னா கார்ட்டாவோடு மக்களாட்சி பிறந்தது" என்ற வரி எப்படியோ வந்து உட்கார்ந்துவிடும். முதல் தவறே அதுதான். தேம்ஸ் கரையில் ரன்னிமீட் புல்வெளியில் இங்கிலாந்து மன்னர் ஜானை மடக்கி, மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்தவர்கள் பொதுமக்கள் அல்ல. வரிக்கு மேல் வரி கட்டிக் கொதித்துப்போன பிரபுக்கள். சாசனத்தைப் படித்தாலே இது தெரிந்துவிடும். வாரிசு சொத்துக்கு வர எவ்வளவு கட்ட வேண்டும், விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, தேம்ஸ், மெட்வே ஆறுகளில் மீன் பிடிக்கப் போட்ட தடுப்புகளைப் பிடுங்க வேண்டும், ஒயினுக்கும் தானியத்துக்கும் நாடெங்கும் ஒரே அளவை வேண்டும் என்று போகிறது. 39ஆவது பிரிவுதான் வேறு ரகம்: சுதந்திர மனிதன் எவனையும் சட்டப்படி அல்லாமல் சிறைபிடிக்கக் கூடாது. இந்தச் 'சுதந்திர மனிதன்' என்ற சொல்லில்தான் சூட்சுமம். அன்றைய உழவர்களில் பெரும்பகுதி பண்ணைக்குக் கட்டுப்பட்டவர்கள்; அவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

மன்னர் கையெழுத்துப் போட்டார் என்றும் எழுதாதீர்கள், வைத்தது முத்திரை. ஜூனில் வைத்த முத்திரையை ஆகஸ்டிலேயே போப் மூன்றாம் இன்னொசென்ட் செல்லாது என்று அறிவித்துவிட்டார். அப்புறம் எப்படி இத்தனை பெயர்? ஜான் இறந்த பிறகு அதைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் கோக் போன்ற சட்ட வல்லுநர்கள் அன்று ஆண்ட ஸ்டூவர்ட் வம்ச மன்னர்களோடு மோத அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். பரணில் கிடந்த தாத்தா காலத்துப் பத்திரம் புது வழக்கில் சாட்சியான கதைதான்.

அடுத்தது, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலச் சிந்தனையாளர்களை ஒரே கட்சிக்காரர்கள் மாதிரி பேசுவது. சட்டம் இயற்றுவது, ஆள்வது, நீதி வழங்குவது மூன்றையும் தனித்தனிக் கைகளில் வைக்கும் அதிகாரப் பிரிவினைக்கு மாண்டெஸ்கியூ 1748இல் இங்கிலாந்தை முன்மாதிரியாகக் காட்டினார். ரூசோவோ, ஆங்கிலேயர்கள் தேர்தல் நேரத்தில் மட்டுமே சுதந்திரமானவர்கள், ஓட்டுப் போட்டு முடித்ததும் அடிமைகள் என்றார். வால்டேருக்கு மக்களாட்சியில் பெரிய நம்பிக்கை கிடையாது. உன் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் என்ற வாசகம் அவருடையதும் அல்ல; 1906இல் அவரைப் பற்றி எழுதிய ஈவ்லின் பீட்ரிஸ் ஹாலுடையது.

அமெரிக்க ஆவணங்களையும் குழப்பிக்கொள்வார்கள். 1776 சுதந்திரப் பிரகடனம், 1787 அரசியல் சாசனம், 1791இல் அந்தச் சாசனத்தில் திருத்தங்களாகச் சேர்ந்த உரிமைகள் மசோதா. மூன்றும் வேறு வேறு.

கடைசியாக, 'மனிதன்' என்று வந்த இடத்தில் எல்லாரையும் சேர்த்துப் படிப்பது. 1776 பிரகடனத்தில் மனிதர் அனைவரும் சமம் என்று எழுதிய ஜெஃபர்சனிடம் நூற்றுக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். 1789இல் பிரான்ஸ் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 17 பிரிவுகளுக்கும் ஈடாக, 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூஜ் பெண்களுக்காக 17 பிரிவுகள் எழுதினார். கொலைமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் வேண்டும் என்பது அதில் ஒன்று. 1793இல் அவரைக் கில்லட்டினில் ஏற்றினார்கள். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1945இல்.