மேடை மூடிக் கிடந்தால் இளம் நாடகப் பாடகர்களைத் தாங்குவது எப்படி

தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், காப்பிக் காட்டுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். வைகாசியில் அம்மனுக்குச் சாட்டினால் மூன்றாம் நாள் ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். ஆளைப் பேசி முடிப்பது, அச்சாரம் கொடுப்பது, விடிந்ததும் பாக்கியைக் கையில் கொடுத்து வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றிவிடுவது எல்லாம் பல வருடமாக என் பொறுப்பு. கொரோனாவால் 2020-லும் 2021-லும் அந்த ராத்திரி எங்களுக்கு வாய்க்கவில்லை. அந்த இரண்டு வருடமும் ஏழு இளம் பாடகர்கள் தொழிலை விட்டுப் போகாமல் எங்களால் முடிந்த அளவு பார்த்துக்கொண்டோம். என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்று எழுதி வைக்கிறேன். இன்னொரு முறை இப்படி ஒரு காலம் வந்தால் எந்த ஊர் கமிட்டிக்காவது பயன்படட்டும்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) பாட்டும் வசனமுமாக எழுதி வைத்ததைத்தான் இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகம் என்று ஆடுகிறார்கள். இதில் நிரந்தரமான குழு என்று ஒன்று கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், கதாநாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து, ஆர்மோனியம் மதுரையிலிருந்து. அன்றைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. ஒரு ராத்திரி பாடினால் ஒரு ராத்திரிக்குக் காசு, அவ்வளவுதான். பங்குனி, சித்திரை, வைகாசியில் சம்பாதிப்பதை வைத்துத்தான் புரட்டாசி முதல் மார்கழி வரை சாப்பிட வேண்டும். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. சரியாகப் பங்குனி. மறு வருடம் ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை. அதுவும் பங்குனிக் கடைசி. இரண்டு வருடச் சம்பாத்தியமும் வாசல்படியிலேயே நின்றுவிட்டது.

நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா என்று பெரிய இசை நாடக அரங்கம் இருக்கிறது. அதுவும் 2020 மார்ச்சில் மூடி, 2021 செப்டம்பரில்தான் திறந்தது. அங்கேயும் கோரஸ் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் இருந்தார்கள் என்று என் மகள் படித்துச் சொன்னாள். அந்த மாதிரி அரங்கத்திலேயே இந்தக் கதி என்றால், மேடை ஏறி இரண்டு வருடம் ஆன நத்தம் பக்கத்துப் பையனை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

ஏன் இளையவர்கள் என்று கேட்கலாம். மூத்தவர்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் அவர்களுக்கு ஒரு பேர் இருக்கிறது, கூப்பிட்டுக் கேட்க நாலு ஊர் இருக்கிறது, நாடக நடிகர் சங்கத்தில் இடம் இருக்கிறது. புதிதாக வந்தவர்களிடம் இருப்பது கடன். பட்டுச்சேலை, கவரிங் நகை, சலங்கை, மேக்கப் பெட்டி எல்லாம் முதல் வருடமே வட்டிக்கு வாங்கிப் போட்டவை. இரண்டு சீசன் போனால் அவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். போனவர்களில் திரும்பி வருகிறவர்கள் குறைவு.

சரி, முதல் வேலை ஆளைக் கண்டுபிடிப்பது. பழைய நோட்டீஸ்களை எடுங்கள். பெரிய போட்டோ போட்டவர்களை விட்டுவிட்டு அடியில் சின்ன எழுத்தில் இருக்கிற பேர்களைப் பாருங்கள். நான் தகரப் பெட்டியில் பத்து வருட நோட்டீஸ் வைத்திருந்தேன். ஆனால் பாதி நம்பர் வேலை செய்யவில்லை. ரீசார்ஜ் பண்ணக் காசில்லாமல் நம்பரே போயிருந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. ஆர்மோனியக்காரரைக் கேட்க வேண்டும். எல்லோருக்கும் பின்பாட்டுப் பாடுகிறவர் அவர்தான். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்த அளவு சங்கத்துக்கும் தெரியாது, நடிகர்களைச் சேர்த்து அனுப்பும் அமைப்பாளருக்கும் தெரியாது.

போன் பண்ணினால் யாரும் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்கேன் அண்ணே" என்றுதான் வரும். அதனால் "கஷ்டமா?" என்று கேட்காதீர்கள். "பெட்டி வீட்டில் இருக்கா?" என்று கேளுங்கள். ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் அது உடுப்பும் நகையும் உள்ள பெட்டி, வாத்தியக்காரருக்கு ஆர்மோனியப் பெட்டி. அந்தக் கேள்விக்குப் பதில் தயங்கி வந்தால் அடகுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பேசிய ஏழு பேரில் ஒருவருடைய ஆர்மோனியம் 8,000 ரூபாய்க்கு ஒரு தனியாரிடம் இருந்தது, மாதம் பத்து வட்டி, ரசீது கிடையாது. நாங்கள் முதலில் செலவழித்த காசு அதை மீட்கத்தான். அரிசி பருப்புக்கு யாராவது வழி பண்ணுவார்கள், பண்ணினார்கள். பெட்டி போய்விட்டால் நாளைக்கு மேடை திறந்தாலும் அவர் ஏற முடியாது. அதனால் உதவி என்று வந்தால் பெட்டி முதலில்.

பணத்துக்கு வழி சொல்கிறேன். 2020 ஊரடங்குக்கு முன்பே தலைக்கட்டுக்கு 1,200 வீதம் 86 வீட்டில் வரி வசூலாகியிருந்தது. திருவிழா இல்லை என்றானதும் திருப்பிக் கொடுங்கள் என்று சிலர், அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும் என்று சிலர். அதில் நாடகத்துக்கு என்று ஒதுக்கியது 48,000. அதை மட்டும் பாடகர்களுக்குக் கொடுக்கலாம் என்றேன். "ஆடாத நாடகத்துக்கு என்னப்பா கூலி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கூலி வேண்டாம், அச்சாரமாகக் கொடுப்போம் என்றேன். அம்மன் எப்போது உத்தரவு கொடுக்கிறாளோ அப்போது வந்து பாடட்டும். அந்த ஒரு சொல்லில் ஊர் இறங்கி வந்தது. வாங்குகிறவர்களுக்கும் அதுவே சொல். நிவாரணம் என்று நீட்டினால் கை கூசும் பிள்ளைகள், அச்சாரம் என்றதும் நிமிர்ந்து வாங்கினார்கள், தாம்பூலத்தோடு வாங்குவது போல. கமிட்டி நோட்டில் தீர்மானம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஊரில் நாலு மாதத்தில் மனசு மாறும், எழுத்து மாறாது.

மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மொத்தமாகப் போனால் வட்டிக்காரர் அன்றைக்கே வாசலில் நிற்பார். ஏழு பேருக்கும் மாதம் 1,500, ஐந்தாம் தேதி தவறாமல், நாலு மாதம். வீட்டு வாடகை கேட்கிற தேதி அது. ஆர்மோனியத்தோடு சேர்த்தால் மொத்தம் 50,000 ஆயிற்று. குறைந்த 2,000-ஐப் பூசாரி போட்டார். 1,500-ல் குடும்பம் நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஐந்தாம் தேதி வந்துவிடும் என்கிற நிச்சயம் இருந்ததால் புதுக் கடன் வாங்காமல் இருந்தோம் என்று பிறகு மூன்று பேர் சொன்னார்கள். பெண் பிள்ளைகளுக்கு அனுப்பும்போது அவர்கள் பேரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். மாமன், மச்சான் கணக்கு வேண்டாம். கணக்கு இல்லை என்றால் தபால் ஆபீசில் தொடங்க வைத்துவிட்டு அனுப்புங்கள்.

இனிச் சொல்வது நான் செய்த தப்பு. இன்னும் எனக்கு உறுத்துகிறது. இரண்டாவது மாதம், நிறையப் பேர் உதவட்டும் என்று நினைத்து, 22 வயது ஸ்திரீபார்ட் பெண் ஒருத்தியின் போட்டோவையும் நம்பரையும் தெரிந்தவர்கள் குழுவில் போட்டேன். அது எங்கெங்கோ போனது. ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வர ஆரம்பித்தது. 500 ரூபாய் அனுப்புகிறேன், போனிலேயே ஒரு பாட்டுப் பாடு என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு மேலும் கேட்டிருக்கிறார்கள். பத்து நாள் போனை அணைத்துவிட்டாள். அவளுடைய ஊருக்கு ஆளனுப்பித்தான் பேச முடிந்தது. "சித்தப்பா, நான் மேடையில பாடுறவ. போன்ல பாட மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் கமிட்டியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. போட்டோ கிடையாது, நம்பர் கிடையாது, பேர் கூடக் கிடையாது. கொடுக்கிறவர் கமிட்டிக்குக் கொடுக்கட்டும். நாடகப் பெண்களை ஊர் எப்படிப் பேசும் என்பது நமக்கெல்லாம் தெரியும். உதவி செய்யப்போய் அந்தப் பேச்சுக்கு நாம் வழி திறந்துவிடக் கூடாது.

முகநூல் நேரலையில் பாடச் சொல்லும் யோசனையும் வந்தது. பேரெடுத்தவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. இளையவர்களுக்கு டேட்டா செலவுதான் மிச்சம்.

இதைவிடப் பலன் தந்தது வேறு. ஆண்டிப்பட்டிப் பக்கம் ஒரு வாத்தியார் இருக்கிறார், எழுபது வயது. வள்ளி-நாரதர் தர்க்கம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கற்றுக்கொடுத்து வாங்கும் காசுதான் அவருக்கு வரும்படி, அதுவும் நின்றுபோயிருந்தது. மாதம் 2,000 அவருக்குக் கொடுத்து, எங்கள் பிள்ளைகளில் மூன்று பேருக்குப் பாடம் சொல்லித் தரச் சொன்னோம். காலை ஆறு மணிக்குப் போனில் ஒரு மணி நேரம். ஒரே காசில் வாத்தியார் வீட்டிலும் உலை ஏறியது, பிள்ளைகளின் குரல் பயிற்சியான சாதகமும் நிற்கவில்லை. நாடகத்தில் விடிய விடிய உச்சத்தில் பாட வேண்டும். ஆறு மாதம் பாடாமல் விட்டால் குரல் கீழே இறங்கிவிடும், திரும்ப ஏற்றுவது பெரும்பாடு. வாடகை, சாப்பாடு, கடன் இவற்றோடு குரலையும் ஒரு செலவாகக் கணக்கில் எழுதுங்கள். நிறையக் கமிட்டிகள் இதை விட்டுவிடுகின்றன.

அரசு உதவிக்குக் காகிதம் வேண்டும். 2020 ஏப்ரலில் அரிசி கார்டுக்கு 1,000 ரூபாய் வந்தது, 2021-ல் மே, ஜூனில் இரண்டு தவணையாக 4,000 வந்தது. எங்கள் ஏழு பேரில் இரண்டு பேருக்குத் தனியாகக் கார்டே இல்லை. ஊர் ஊராக வாடகைக்கு இருந்தவர்கள். அதேபோல நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருந்தால்தான் அந்த வழியில் வருவது வரும். ஒருவர் கூடப் பதியவில்லை. மேடை இருக்கும்போது யாருக்கும் அது தோன்றுவதில்லை. மதுரையில் இருக்கிற மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விசாரித்து, ஆதார், கார்டு, போட்டோ, பேர் போட்ட நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு ஆளுக்கொரு உறை தயார் செய்தோம். கலைஞர் என்பதற்கு அந்தச் சின்ன எழுத்து நோட்டீஸ்தான் கையில் இருக்கும் அத்தாட்சி. அதனால் நாடகம் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு நோட்டீஸ் கொடுத்தனுப்புங்கள். நல்ல காலத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது.

கார்த்திகையில் காப்பிப் பழம் எடுக்க ஆள் பற்றாக்குறை. மூன்று பேர் தாங்களாகவே கேட்டு வந்தார்கள். எல்லோருக்கும் என்ன கூலியோ அதே கூலி, தங்குவது எங்கள் வீட்டில். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சாரம் வாங்கியவர்கள்தானே என்று வேலைக்குக் கூப்பிடாதீர்கள், வேலை செய்யும்போது பாடு என்றும் கேட்காதீர்கள். மலைப் பனியும் அடுப்புப் புகையும் தொண்டைக்கு ஆகாது. துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளச் சொல்லி, வெந்நீர்ப் பானையை எட்டும் இடத்தில் வைத்தேன். நாலாவது நாள் விடியற்காலையில் காப்பிக் களத்தில் நின்று அவர்களில் ஒரு பையன் தானாகவே சுருதி சேர்த்தான். கீழே சௌசௌ பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

2021 இரண்டாம் அலையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, தேறிய பிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வாத்தியார் அவரை உடனே பாடவிடவில்லை. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, நடு சுருதியில் கால் மணி நேரம் என்று தொடங்கி மெதுவாக ஏற்றினார். இப்படி ஒருவர் இருந்தால் தேதி வாங்க அவசரப்படுத்தாதீர்கள். அந்த வருடம் திருப்பூரிலிருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் அனுப்பிய பணம் மருந்துக்கும் வாடகைக்கும் ஆனது. அதை நன்கொடையாகவே எழுதினோம், யார் கணக்கிலும் ஏற்றவில்லை.

2022 வைகாசியில் மேடை போட்டோம். அமைப்பாளரிடம் முன்பே சொல்லிவிட்டேன், எங்கள் பிள்ளைகளில் நாலு பேராவது இந்த மேடையில் ஏற வேண்டும், நோட்டீசில் ஊர்ப்பேரோடு பேர் வர வேண்டும் என்று. பணம் கழிப்பதில்தான் தகராறு. ஆளுக்கு 6,000 கொடுத்திருக்கிறோம், இரண்டு மூன்று நாடகம் சும்மா பாடட்டும், கணக்குத் தீரும் என்றார் கமிட்டியில் ஒருவர். இரண்டு வருடம் காத்திருந்து முதல் ராத்திரி பாடிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினால், அந்தப் பிள்ளை வீட்டில் போய் என்ன சொல்லும்? ஒரு மேடைக்கு 500 மட்டும் கழிப்போம் என்றேன். விடிய விடியப் பேசி அதற்கு ஒத்துக்கொண்டார்கள். தலைவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா பன்னிரண்டு தடவை கூப்பிடணுமேப்பா" என்றார். ஆமாம் என்றேன்.

போனில் பாட மாட்டேன் என்ற அந்தப் பெண் மூன்று வைகாசி வந்து பாடிவிட்டாள். நோட்டில் அவள் பேருக்கு நேராக இன்னும் 4,500 நிற்கிறது. அடுத்த திருவிழாத் தேதியைக் கேட்டு நேற்றே போன் பண்ணினாள்.